கிட்னி மாத்துனதோட முடியலைங்க, நம்ம தாலுகாவுல ஒரு ஸ்கேன் ஒழுங்கா எடுக்கணும்

குறுவைக்கு நாத்து விட்ட கதையை எழுதுங்கன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அதை அடுத்த வாரம் எழுதுறேன். இன்னிக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

எங்க ஊரு பாபநாசம் பக்கம், குடமுருட்டிப் பாசனம். சுத்துப்பட்டு ஊர்கள்ல எனக்குத் தெரிஞ்சு நாலு பேர் மாத்து சிறுநீரகத்தோட நடமாடுறாங்க. ஒருத்தர் டிராக்டர் ஓட்டுறவர், ஒரு அம்மா டீக்கடை வச்சிருக்காங்க, ஒருத்தர் ஓய்வுபெற்ற வாத்தியார். நாலாவது ஆள் என் தம்பி. பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கத்துல யாருக்காவது ரெண்டு கிட்னியும் போச்சுன்னா, கொஞ்ச நாள் டயாலிசிஸ், நிலத்தை அடமானம் வைக்கிறது, அப்புறம் சாவு. வேற வழி கிடையாது. இப்ப ஆபரேசன் பண்ணி நல்லபடியா திரும்பி வர்றாங்க. அதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா திரும்பி வந்தப்புறம் அவுங்கள யாரு பாத்துக்கிறதுங்கற கேள்விக்கு நம்ம டெல்டாவுல பதில் இல்லை. அதைப் பத்தித்தான் என் கருத்தைச் சொல்லப் போறேன்.

இந்த விஷயத்துல தமிழ்நாடு ஒண்ணும் பின்தங்கின இடம் இல்லை. 1954-ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ஜோசப் முர்ரேங்கற டாக்டர் ஒரு அண்ணன் தம்பிக்குள்ள, இரட்டைப் பிள்ளைங்க அவுங்க, ஒருத்தர் கிட்னியை எடுத்து இன்னொருத்தருக்கு வச்சாரு. அதுதான் உலகத்துல முதல்ல ஜெயிச்சது. அவருக்கு 1990-ல நோபல் பரிசு கொடுத்தாங்க. நம்ம வேலூர் சி.எம்.சி.யில 1971-லயே கிட்னி மாத்திட்டாங்க. 1994-ல உறுப்பு மாற்றுச் சட்டம் வந்துச்சு. 2008 செப்டம்பர்ல திருக்கழுக்குன்றம் பையன் ஹிதேந்திரன் விபத்துல மூளைச்சாவு ஆனப்ப, டாக்டரா இருந்த அவன் அப்பா அம்மாவே உறுப்புகளைக் கொடுத்தாங்க. அன்னிக்கு நாடே டிவி முன்னாடி உக்காந்து அழுதுச்சு. அதுக்கப்புறம்தான் இறந்தவங்க உறுப்பைத் தானம் பண்றது நம்ம ஊரு பேச்சுல ஒரு சாதாரண விஷயமாச்சு. 2023-லேர்ந்து உறுப்பு தானம் பண்ணவங்களுக்கு அரசு மரியாதையோட அடக்கம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல கிட்னி மாத்துற செலவும் சேருது. இதெல்லாம் பெரிய காரியம், மறுக்கல.

ஆனா பாருங்க, பேப்பர்ல வர்ற செய்தி எல்லாம் ஆபரேசனோட நின்னுடுது. டாக்டருங்க நடுவுல நோயாளி, கையில பூங்கொத்து, ஒரு போட்டோ. நடவு முடிஞ்ச அன்னிக்கே விளைச்சல் வந்துட்டதா பேசுற மாதிரி இருக்கு அது.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நான் படிச்சது பத்தாவது. டாக்டருங்ககிட்ட திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

புதுக் கிட்னியை முதுகுப் பக்கம் வைக்கிறதில்லை. பழைய கிட்னி ரெண்டும் அது இருந்த இடத்துலயே, சுருங்கிப்போய்க் கிடக்கும். பெரும்பாலும் அதை எடுக்க மாட்டாங்க. புதுசை அடிவயித்துல, இடுப்பு எலும்புக்குப் பக்கத்துல, முக்கால்வாசி பேருக்கு வலது பக்கம் வைப்பாங்க. தொட்டா கையில தட்டுப்படும். ரத்தக் குழாயை அங்க இருக்கற பெரிய குழாயோட இணைப்பாங்க. கிட்னியோட சேந்து வந்த மூத்திரக் குழாயைக் கொண்டுபோய் மூத்திரப்பையில ஒரு வழி பண்ணித் தைப்பாங்க. ரத்தம் உள்ள வர்றது தலைமடை. மூத்திரம் பையில போய் விழறது கடைமடை.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. நம்ம உடம்போட பிறந்த மூத்திரக் குழாய்க்கு மேல, நடுவுல, கீழன்னு வழி நெடுக ரத்தம் வந்து சேரும். தானமா எடுக்கும்போது கீழ உள்ள வரத்தெல்லாம் அறுந்துடும். அப்புறம் அந்தக் குழாய் முழுக்க மேல கிட்னிக்கு வர்ற ரத்தத்துலேர்ந்து கசியிறதை நம்பித்தான் உயிரோட இருக்கணும். அதனால தையல் போட்ட அந்தக் கீழ் முனைக்குத்தான் ரத்தம் ரொம்பக் குறைச்சலாப் போவும். கோளாறு வர்றதும் பெரும்பாலும் அங்கதான். ஒண்ணு, முனை அழுகி மூத்திரம் வயித்துக்குள்ள கசியும். இல்லேன்னா தழும்பு கட்டி முனை சுருங்கி அடைச்சுக்கும். டாக்டர் இதைச் சொன்னப்ப நான் சொன்னேன், “ஐயா, இது எங்க ஊரு கடைமடைப் பிரச்சினை, எனக்கு விளக்கவே வேணாம்”னு. அவரு சிரிச்சாரு. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக்காரங்களுக்கு இன்னும் நல்லாப் புரியும்.

கசிவு பெரும்பாலும் ஆபரேசன் ஆன மொத சில வாரத்துக்குள்ளயே வந்துடும். அப்ப நோயாளி ஆஸ்பத்திரியிலயோ பக்கத்துல ரூம் எடுத்தோ இருப்பாரு. வயித்துல வச்ச குழாய்ல தண்ணி கூடுதலா வரும், தையல் நனையும், மூத்திரம் குறையும். அந்தத் தண்ணியை எடுத்து அதுல கிரியாட்டினின் எவ்வளவுன்னு பாப்பாங்க. ரத்தத்துல இருக்கறதை விட ரொம்பக் கூடுதலா இருந்தா அது மூத்திரம். ரத்தத்துல உள்ள அளவே இருந்தா அது நிணநீர், வேற வைத்தியம். எவ்வளவு சுலபமான பரிட்சை பாருங்க. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பாக்க மிஷின் வச்சு 17 சதவீதம்னு நம்பரா சொல்றாங்கல்ல, அந்த மாதிரிதான். கையில அள்ளிப் பாத்து ஈரம் சொன்ன காலம் போயிடுச்சு.

எனக்குப் பெரிய கவலை அடைப்பு பத்தித்தான். அடைப்பு வர்றது மெதுவா. ரெண்டாவது மாசம், மூணாவது மாசம், சிலருக்கு வருஷம் கழிச்சும் வரும். அதாவது நோயாளி ஊருக்குத் திரும்பி வந்தப்புறம். இன்னொண்ணு, இதுல வலி இருக்காது.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. உங்களுக்கும் எனக்கும் மூத்திரக் குழாய்ல ஒரு சின்னக் கல் அடைச்சா, தரையில உருண்டு கத்துவோம். மாத்துன கிட்னிக்கு அந்த உணர்ச்சி கிடையாது. எடுக்கும்போதே நரம்பெல்லாம் அறுந்து போச்சு. உள்ள தண்ணி தேங்கி கிட்னி பலூன் மாதிரி உப்பினாலும் அந்த ஆளு சாப்பிட்டுட்டு, பேப்பர் படிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருப்பாரு. அடியில தண்ணி தேங்கி வேர் அழுகுற சம்பாப் பயிரு மேல கொஞ்ச நாளைக்குப் பச்சையாத்தானே தெரியும்? நம்ம ஊர்ல நோய்னா வலி. வலி இல்லேன்னா “ஒண்ணுமில்லப்பா, சூடு, இளநி குடி”ம்பாங்க. இந்தக் கணக்கு மாத்து கிட்னிக்காரங்ககிட்ட செல்லாது. வலியைக் கேக்காதீங்க, அளவைக் கேளுங்க.

தம்பி கதையைச் சொல்றேன். போன வருஷம் தை மாசம் சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில அவனுக்கு ஆபரேசன் நடந்துச்சு. கிட்னி கொடுத்தது அவன் சம்சாரம். (இந்தியாவுல உயிரோட இருந்து கிட்னி கொடுக்கறவங்கள்ல பொம்பளைங்கதான் அதிகம். வாங்கறவங்கள்ல ஆம்பளைங்கதான் அதிகம். இதைப் பத்தித் தனியா ஒரு நாள் எழுதணும், சண்டைக்கு வர்றவங்க அன்னிக்கு வாங்க.) அந்தப் பொண்ணு பன்னெண்டாவது வரைக்கும் படிச்சது. ஊருக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு கோடு போட்ட நோட்டுல தினம் எழுதும். காலையில எடை, பிரஷர், எவ்வளவு தண்ணி குடிச்சான், எவ்வளவு மூத்திரம் போனான். அதுக்குன்னு அளவு போட்ட பிளாஸ்டிக் ஜக்கு ஒண்ணு கொல்லையில தொங்கும். எங்க அம்மாவுக்கு அதுவே கௌரவக் குறைச்சலா இருந்துச்சு, வர்றவங்க போறவங்க கண்ணுல படுதுன்னு.

பங்குனிக் கடைசியில ஒரு நாள் அது என்னைக் கூப்புட்டுச்சு. “மாமா, ரெண்டரை லிட்டர் போய்க்கிட்டிருந்தது பத்து நாளா இறங்கிக்கிட்டே வருது. நேத்து ஒன்னு நானூறு. குடிக்கறது அதே அளவுதான். எடை ரெண்டு கிலோ ஏறிடுச்சு.” நோட்டைக் காட்டுச்சு. அன்னிக்கே ரத்தம் கொடுத்தோம். கிரியாட்டினின் 1.3 இருந்தது 1.9. சென்னைக்குப் போன் பண்ணுனோம். பக்கத்துல உடனே ஒரு ஸ்கேன் எடுத்து அனுப்புங்கன்னாங்க. பக்கத்து டவுன்ல ஒரு சென்டர்ல எடுத்தோம். ரிப்போர்ட் என்ன வந்துச்சு தெரியுமா? “இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியுள்ளன, நாள்பட்ட சிறுநீரக நோய்.” முதுகுப் பக்கம் வச்சுப் பாத்திருக்காங்க. அடிவயித்துல பத்து அங்குலத் தையல் இருக்கு, அதுக்குக் கீழ ஒரு கிட்னி இருக்கு, அதைப் பாக்கவே இல்லை. தம்பி சொல்லியிருக்கான், “சார், கிட்னி மாத்தியிருக்கு”ன்னு. “அதெல்லாம் தெரியும், மூச்சை இழுத்துப் புடிங்க”ன்னு பதில் வந்திருக்கு.

அன்னிக்கு ராத்திரியே உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். பேரு நமக்குப் பொருத்தமான ரயிலு, அதுல நம்ம ஜனம் பாதிப் பேரு ஆஸ்பத்திரிக்குத்தான் போவுது. காலையில அங்க ஸ்கேன் எடுத்தவங்க அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டாங்க, புதுக் கிட்னியில தண்ணி தேங்கியிருக்குன்னு. மொதல்ல மூத்திரம் போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டுத் திரும்ப ஒரு தடவை பாத்தாங்க. ஏன்னு கேட்டேன். பை நிறைஞ்சிருந்தா நல்ல கிட்னியிலயும் லேசா தண்ணி தேங்கின மாதிரி தெரியுமாம். பையைக் காலி பண்ணப்புறமும் தேங்கியிருந்தாத்தான் அடைப்புன்னு சந்தேகப்படணுமாம். அப்புறம் வெளியிலேர்ந்து ஊசி வழியா கிட்னிக்குள்ள ஒரு சின்னக் குழாய் விட்டு மூத்திரத்தை வடிச்சாங்க. ஒரே வாரத்துல கிரியாட்டினின் 1.4. அதே குழாய் வழியா மருந்து விட்டு எக்ஸ்ரே பாத்தாங்க. பையில சேர்ற முனையில நூல் அளவுக்கு வழி. கடைசியில அந்த முனையை வெட்டி எடுத்துட்டுத் திரும்பப் பொருத்துனாங்க. இப்ப நல்லா இருக்கான். நாத்தாங்கால் பக்கம் நின்னு எனக்கு யோசனை சொல்ற அளவுக்கு நல்லா இருக்கான்.

கிரியாட்டினின் ஏறுனா அது அடைப்பாவும் இருக்கலாம், உடம்பு புதுக் கிட்னியை ஒதுக்குறதாவும் இருக்கலாம், மாத்திரை அளவு கூடிப் போனதாவும் இருக்கலாம், கிருமியாவும் இருக்கலாம். ரத்தப் பரிட்சை நம்பரை மட்டும் வச்சு எதுன்னு சொல்ல முடியாது. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. ஒதுக்குறதுக்கு மருந்தைக் கூட்டணும். கிருமி முத்துனா மருந்தைக் குறைக்க வேண்டி வரலாம். அடைப்புக்கு மருந்தே கிடையாது, வழியைத் திறந்து விடணும். வாய்க்கால்ல தண்ணி வரலேன்னா மொதல்ல ஷட்டர் திறந்திருக்கான்னு லஸ்கர் போய்ப் பாக்குறாரு. அப்புறம்தான் ஆத்துல வரத்து இருக்கான்னு கேக்குறோம். ஸ்கேன்தான் அந்த முதல் பார்வை. செலவு குறைச்சல், ஊசி இல்லை, கதிர் இல்லை. அதனாலதான் கிட்னியில ஊசி குத்தி சதை எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் பாக்குறாங்க. அதையும் தப்பான இடத்துல பாத்தா என்ன பிரயோசனம்?

இன்னொரு சங்கதி ஸ்டென்ட். தைச்ச இடம் ஒட்டிக்கிட்டு ஆறுற வரைக்கும் உள்ள ஒரு மெல்லிசான குழாய் வச்சு அனுப்புவாங்க. ரெண்டு முனையும் சுருண்டு இருக்கும். இதை வைக்க ஆரம்பிச்சப்புறம் கசிவும் அடைப்பும் வெகுவாக் குறைஞ்சுதாம். ஆனா அது உள்ளயே இருக்கற பொருள் இல்லை. சில வாரத்துல, பெரும்பாலும் நாலு வாரம் ஆறு வாரத்துக்குள்ள, மூத்திர வழியா கேமரா விட்டு எடுத்துடணும். மறந்து விட்டா அதைச் சுத்திக் கல் படியும், கிருமி குடியேறும். இந்தத் தேதி டிஸ்சார்ஜ் பேப்பர்ல எங்க இருக்கும்னு நினைக்கிறீங்க? மூணாவது பக்கத்துல, இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல. மோட்டார் வாங்கினா வாரண்டி முடியற தேதியை அட்டையில பெருசா அச்சடிச்சுத் தர்றான். மனுசன் உடம்புக்குள்ள வச்ச குழாய்க்கு அந்த மரியாதை இல்லை. தமிழ்ல, கொட்டை எழுத்துல, மொதப் பக்கத்துல, “இந்தத் தேதிக்குள் ஸ்டென்ட் எடுக்க வேண்டும்”னு அச்சடிக்க என்ன செலவு ஆவும்?

கிருமி விஷயத்தையும் சொல்லிடறேன். மாத்து கிட்னிக்காரங்களுக்கு அடிக்கடி வர்றது மூத்திரக் கிருமிதான். அவுங்க சாப்பிடற மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும். அதனால காய்ச்சல் பெருசாத் தெரியாமலும் இருக்கலாம். எரிச்சல், நாத்தம், கலங்கல், லேசா குளிரு, புதுக் கிட்னி இருக்கற இடத்துல அழுத்தினா ஒரு நோவு, இது போதும் கவனிக்க. நம்ம ஊரு வழக்கம் என்னன்னா, நேரா மெடிக்கல் ஷாப், “எரியுதுங்க”, அவரு ஒரு அட்டை கிழிச்சுக் கொடுப்பாரு. இதுல ரெண்டு கேடு. ஒண்ணு, மருந்து போட்டுட்டு அப்புறம் மூத்திரத்தைக் கல்ச்சருக்குக் கொடுத்தா கிருமி வளராது, எந்தக் கிருமின்னு தெரியாமலே போயிடும். மொதல்ல மூத்திரம் கொடுக்கணும், அப்புறம்தான் மாத்திரை. ரெண்டாவது, சில ஆன்டிபயாட்டிக்கும் படைத்தாமரைக்குக் கொடுக்கற சில மாத்திரையும் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்துல ஏகத்துக்கும் ஏத்திவிடும். அதுவே கிட்னியைக் கெடுக்கும். டிபி மாத்திரைல ஒண்ணு நேர் எதிரா இறக்கிவிடும். இடுப்பு வலிக்குப் போடற டைக்ளோபினாக் ஊசியைப் பத்தி நான் சொல்லணுமா? நடவு சமயத்துல நம்ம ஊர்ல அது டீ காபி மாதிரி ஓடுது. மாத்து கிட்னிக்காரங்க கிட்டக்கூடப் போகக் கூடாது.

அதே சமயம், எந்த எரிச்சலும் இல்லாம ரிப்போர்ட்ல மட்டும் கிருமின்னு வந்தா, ஆபரேசன் ஆகி மாசங்கள் கடந்தவங்களுக்கு உடனே மருந்து போட வேண்டியதில்லைன்னும் பெரிய டாக்டருங்க சொல்றாங்க. போட்டுக்கிட்டே இருந்தா மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். நம்ம வயல்ல தேவையில்லாம மருந்தடிச்சு அடிச்சுப் புகையானைப் பெருக்கி விட்டோமே, அதே கதை.

வயசானவங்களுக்கு இன்னொண்ணு இருக்கு. டயாலிசிஸ்ல வருஷக்கணக்கா மூத்திரமே போகாம இருந்தவங்களுக்குப் பை சுருங்கியிருக்கும். புதுக் கிட்னி வந்ததும் அரை மணிக்கு ஒரு தடவை ஓடுவாங்க. அது நாளாவட்டத்துல சரியாயிடும். ஆனா அம்பது தாண்டின ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கியிருந்து, அதுவரைக்கும் மூத்திரமே இல்லாததால தெரியாமலே இருந்திருக்கும். சர்க்கரைக்காரங்களுக்குப் பை நிறைஞ்சதே உணர்ச்சியில தெரியாது. மூத்திரம் போனப்புறம் பையில எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு ஸ்கேன்ல ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம். இதுவும் உள்ளூர்லயே ஆகுற வேலைதான்.

நான் இதை ஒரு டாக்டர் தம்பிகிட்ட பேசுனப்ப அவரு சொன்னாரு, “மாத்து கிட்னி நோயாளியை உள்ளூர் டாக்டர் தொடக் கூடாதுங்க ஐயா, ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? சென்னைக்கே போயிடறதுதான் நல்லது.” அவரு பயம் நியாயமானது. நான் வைத்தியம் இங்க பண்ணுங்கன்னு கேக்கல. கண்டுபிடிக்கிறதை இங்க பண்ணுங்கன்னுதான் கேக்குறேன். தஞ்சாவூர்லேர்ந்து சென்னை 340 கிலோமீட்டர். ஒரு தடவை போய் வர ரெண்டு பேருக்கு டிக்கெட்டு, ஆட்டோ, சாப்பாடு, ரெண்டு நாள் கூலி. அறுவடை நேரத்துல அதுவும் முடியாது. அதனால என்ன ஆவுதுன்னா, “அடுத்த மாசம் செக்கப்பு இருக்குல்ல, அப்பப் பாத்துக்கலாம்”னு தள்ளிப் போடுறாங்க. வலியும் இல்லையா, தள்ளிப் போட வசதியாப் போச்சு. சம்சாரம் கொடுத்த கிட்னி அந்த ஒரு மாசத்துல தண்ணி கோத்துக் கெட்டுப் போவும். வெளியில சாதாரணமா ஒரு அடைப்பு, வேளையோட பாத்தா சரி பண்ணிடலாம். நாளாச்சுன்னா திரும்ப டயாலிசிஸ்தான். சென்னைக்குப் போகணுமா வேணாமான்னு முடிவு பண்ற ஸ்கேனும் ரத்தப் பரிட்சையும் ஊர்ல கிடைச்சா, போகவேண்டியவங்க அன்னிக்கே கிளம்புவாங்க, போக வேண்டாதவங்க வயலுக்குப் போவாங்க.

இதுக்குப் புதுசா கட்டடம் கட்டச் சொல்லல. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இருக்கு, கும்பகோணத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, தாலுகா ஆஸ்பத்திரிகள்லயும் ஸ்கேன் மிஷின் வந்துடுச்சு. 2021-லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்குது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. வயித்து வழியா டயாலிசிஸ் பண்ணிக்கறவங்களுக்குப் பையும் வீட்டுக்கே வருது. அந்தப் புள்ளைங்க கையில இருக்கற பட்டியல்ல மாத்து கிட்னிக்காரங்க பேரையும் சேத்தா என்ன? மாசத்துக்கு ஒரு தடவை அந்த நோட்டைப் பாத்து, “ஏன்க்கா மூத்திரம் குறைஞ்சிருக்கு?”ன்னு கேட்டா அதுவே பாதி வைத்தியம். தாலுகாவுல ஸ்கேன் எடுக்கறவங்களுக்கு அரை நாள் சொல்லிக் கொடுத்தாப் போதும். அடிவயித்தைப் பாரு, பையைக் காலி பண்ணச் சொல்லித் திரும்பப் பாரு, தண்ணி தேக்கம் இருக்கா, பக்கத்துல நீர்க்கட்டு ஏதாவது குழாயை நெருக்குதா, மிச்ச மூத்திரம் எவ்வளவு. இவ்வளவுதான். ரிப்போர்ட்டை ஆபரேசன் பண்ணின ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு போன் நம்பர். ராத்திரியில கூப்புட்டா எடுக்குற நம்பரா இருக்கணும்.

இது நாலு பேரு பிரச்சினைதானேன்னு நினைக்காதீங்க. ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் மாவட்டத்துல உத்தானம்னு ஒரு பகுதி. இலங்கையில அனுராதபுரம், பொலன்னறுவை. அங்கெல்லாம் விவசாயம் பாக்கறவங்களுக்கு, சர்க்கரையும் இல்லாம பிரஷரும் இல்லாம கிட்னி போவுது. இலங்கைக்காரங்க நம்மள மாதிரி நெல்லு விதைக்கறவங்கதான். வெயிலா, தண்ணியா, மருந்தான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. நம்ம பக்கத்துல சர்க்கரையே போதும், கிட்னியைத் தின்ன. மாத்துறவங்க எண்ணிக்கை கூடத்தான் போவுது.

எங்க தம்பி சம்சாரம் நோட்டைப் பத்திக் கேட்டீங்கன்னா, அதுல பெருசா ஒண்ணும் இல்லை. அஞ்சு கட்டம். தேதி, எடை, பிரஷர், குடிச்சது, போனது. கடைசியில கிரியாட்டினின் எடுத்த அன்னிக்கு மட்டும் சிவப்பு மையில ஒரு நம்பர். ஒரே லேப்ல எடுக்கணும், லேப் மாத்துனா நம்பரும் கொஞ்சம் மாறும்னு சொல்லி அதுலயும் கறாரு. டாக்ரோலிமஸ் அளவு பாக்கற அன்னிக்கு காலை மாத்திரை போடறதுக்கு முன்னாடி ரத்தம் கொடுக்கணும்னு நோட்டு அட்டையிலயே எழுதி ஒட்டியிருக்கு. டிராக்டர் ஓட்டுற அண்ணன் வீட்டுக்கும், டீக்கடை அம்மாவுக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு அதுவே கோடு போட்டுக் கொடுத்துச்சு. வாத்தியார் மட்டும் செல்போன்லயே எழுதிக்குவேன்னுட்டாரு.

வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. தாலுகாவுல ஒரு ஸ்கேன் நாள், ஸ்டென்ட் தேதி தமிழ்ல, ஒரு போன் நம்பர், மக்களைத் தேடி மருத்துவப் பட்டியல்ல பேரு, இந்த நாலும்தான் கேட்டிருக்கு. கூடவே தம்பியோட ரெண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டையும், சென்டர் பேரையும் அவன் பேரையும் மறைச்சு, நகல் எடுத்து இணைச்சிருக்கேன். ஒரு நாள் வித்தியாசத்துல எடுத்தது ரெண்டும். உங்க ஊர்ல மாத்து கிட்னியோட யாராவது இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, மனுவுல இன்னும் கையெழுத்துக்கு இடம் விட்டு வச்சிருக்கேன்.